நலிந்த நிறுவனத்தின் பங்கு: லட்சுமி விலாஸ் வங்கியின் ஐந்தொகையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு காலத்தில் நூறு ரூபாய்க்கு மேல் விலைபோன பங்கு ஒன்று, நிறுவனத்தின் நலிவு காரணமாகப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதனை வாங்குவது விவேகமா அல்லது சூதாட்டமா என்பதை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு நிர்ணயிப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. பம்பாய்த் தரகர்களுக்கும் பெருமுதலாளிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்த இக்கேள்வி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பேரேரியையும் வராகீசுவரர் கோயிலையும் உடைய தாமல் போன்ற ஊர்களுக்கும் இன்று வந்துவிட்டது. கைப்பேசியிலேயே டிமேட் கணக்குத் திறந்து, தறிக்கூலியிலும் சிறு வியாபாரத்திலும் மிச்சம்பிடித்த தொகையைப் பங்குகளில் இட வசதி ஏற்பட்டிருக்கும் இந்நாளில், குறைந்த விலையுள்ள பங்குக்கு ஏற்படும் கவர்ச்சி, கையில் பணம் குறைவாக உள்ளவர்களையே முதலில் பற்றுகிறது.

இக்கேள்விக்கு விடை தேட, கரூரில் பிறந்து 2020ஆம் ஆண்டில் மறைந்த லட்சுமி விலாஸ் வங்கியைவிடப் பொருத்தமான உதாரணம் தமிழகத்தில் கிடைப்பது அரிது. அவ்வங்கியின் பங்குதாரர்கள் தங்கள் முதலை முழுவதும் இழந்தனர். வைப்பு வைத்தவர்களோ ஒரு ரூபாயும் இழக்கவில்லை. இவ்விரு முடிவுகளும் ஒரே நாளில், ஒரே உத்தரவால் நிகழ்ந்தவை. பங்குதாரர்களின் நஷ்டத்துக்குச் செய்திகள் மறைக்கப்பட்டதே முழுக் காரணம் என்று கூறுவதற்கில்லை என்பதும், தேவையான எண்கள் பகிரங்கமாக இருந்தும் அவை வாசிக்கப்படாமல் வேறு அடையாளங்கள் வாசிக்கப்பட்டன என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

2. நிலவிவரும் அளவுகோல்கள்

தென்னிந்தியாவில் நிதி ஸ்தாபனங்களின் மதிப்பு நெடுங்காலம் பெயரைக் கொண்டே அளக்கப்பட்டது. சென்னையில் பெரும் புகழுடன் விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22இல் வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதனுடன் போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சி தந்த வேதனையின் விளைவாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. ஆர்பத்நாட் ஒரு கூட்டுவணிகம். அதன் கணக்கை வெளியார் பார்க்க வழியில்லை. ஆகவே பெயரை நம்பி ஏமாந்தவர்களை நாம் குறைகூற முடியாது. ஒவ்வொரு காலாண்டிலும் கணக்கை வெளியிடக் கடமைப்பட்ட இன்றைய நிறுவனங்களின் விஷயத்தில் அச்சமாதானம் செல்லுபடியாகாது.

பெயரின் இடத்தில் கணக்கை வைக்கும் முயற்சி மேல்நாட்டில் 1930களில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் பெருஞ்சரிவுக்குப் பின், 1934இல் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் பத்திரங்களை ஆராயும் முறையைப் பற்றி எழுதிய பெருநூல், விலை வேறு, மதிப்பு வேறு என்ற பேதத்தை முதலீட்டுச் சாஸ்திரத்தின் அஸ்திவாரமாக்கியது. 1968இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆல்ட்மன், ஐந்து விகிதங்களை ஒன்றாகக் கூட்டி, ஒரு தொழில் நிறுவனம் திவாலாகும் சாத்தியத்தை ஒற்றை எண்ணாகக் காட்டும் சூத்திரத்தை வகுத்தார். அந்த எண் 1.81க்குக் கீழிருந்தால் அபாயம், 2.99க்கு மேலிருந்தால் பத்திரம் என்பது அதன் பொது விதி. ஆயினும் அது உற்பத்தித் தொழில்களை மனத்திற்கொண்டு அமைந்தது. பிறர் பணத்தைக் கடனாக வாங்கிக் கடனாகக் கொடுப்பதையே தொழிலாக உடைய வங்கிக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒற்றை எண் கிடையாது என்பதை வாசகர் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

இவ்விரண்டுக்கும் அப்பால், நம் பகுதி மக்களுக்குப் பங்கைப் பற்றி அனுபவத்தில் வந்த எண்ணம் ஒன்றும் உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவாளர்களில் பலர் கூட்டுறவு உற்பத்தி விற்பனைச் சங்கங்களில் அங்கத்தினர்கள். சங்கத்தில் செலுத்திய பங்குத்தொகை சந்தையில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அது அங்கத்தினர் என்ற உரிமைக்கு அடையாளமாக நிற்பது. இப்பழக்கத்திலிருந்து வருபவர், கம்பெனிப் பங்கையும் நிறுவனம் உள்ளவரை நிலைத்திருக்கும் ஓர் உடைமையாகவே கருதுவது இயல்பு. நிறுவனத்தின் கிளைகளும் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் அப்படியே தொடர, பங்கு மட்டும் பூஜ்யமாகக் கூடும் என்ற செய்தி அவருக்கு நம்பத்தகாததாகவே தோன்றும். லட்சுமி விலாஸ் வங்கியில் நிகழ்ந்தது அதுவே.

3. சான்றுகளின் வரிசை

லட்சுமி விலாஸ் வங்கி 1926 நவம்பரில், வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியாரின் தலைமையில் கரூர் வணிகர்கள் எழுவரால் தொடங்கப்பட்டது. சிறு வணிகர்களுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த அந்த ஸ்தாபனம், பிற்காலத்தில் பெருநிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் துறையில் வேகமாக இறங்கியது. அங்குதான் அதன் நோய் வேர்கொண்டது. 2017–18இல் ஏறத்தாழ 585 கோடி ரூபாய், 2018–19இல் 894 கோடி, 2019–20இல் 836 கோடி என மூன்றாண்டுகள் தொடர்ந்து நஷ்டம் காட்டிற்று. இதே காலத்தின் தொடக்கத்தில், பங்கு ஒன்று 122 ரூபாய் வீதம் உரிமைப்பங்கு வெளியிட்டு, இருந்த பங்குதாரர்களிடமிருந்தே சுமார் 786 கோடி திரட்டியிருந்தது. புதிதாக வந்த அம்முதலைக் காட்டிலும் அடுத்த ஓராண்டின் நஷ்டமே அதிகம்.

2019 செப்டம்பர் மாதத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. சுமார் 790 கோடி ரூபாய் வைப்புத்தொகை முறைகேடாக எடுத்துக்கொள்ளப்பட்டதாக ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனம் கொடுத்த புகாரின்பேரில், தில்லிப் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வங்கியின் இயக்குநர் குழுவின்மீது வழக்குப் பதிந்தது முதற்செய்தி. செப்டம்பர் 27 அன்று ரிசர்வ் வங்கி, நிகர வாராக்கடனின் உயர்வு, மூலதனப் பற்றாக்குறை, தொடர்ந்து ஈராண்டு நஷ்டம் முதலிய காரணங்களைச் சுட்டி, லட்சுமி விலாஸ் வங்கியை உடனடித் திருத்த நடவடிக்கையின்கீழ்க் கொண்டுவந்தது மற்றொன்று. அக்டோபரில், இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணையும் யோசனையை ரிசர்வ் வங்கி நிராகரித்தது. 2020 ஜூனில் கிளிக்ஸ் கேபிடல் நிறுவனத்துடன் பேச்சு தொடங்கி, முடிவின்றி நீண்டது. செப்டம்பர் 25இல் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாக இயக்குநர் உட்பட எழுவரின் நியமனத்தைப் பங்குதாரர்களே வாக்களித்து நிராகரித்தனர். நவம்பர் 17 மாலை மத்திய அரசு தடையாணை பிறப்பித்தது; வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி ஒரு மாத வரம்பு விதிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அந்நிறுவனம் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. அதற்கு முந்திய நாளிலேயே இரண்டாந்தர மூலதனமாகக் கணக்கிடப்பட்ட 318.20 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களும் தள்ளுபடியாயின.

4. எண்களை அருகில் வைத்துப் பார்த்தல்

2020 மார்ச் 31ஆம் தேதிய கணக்கை எடுத்துக்கொள்வோம். கொடுத்த கடன் நூற்றுக்கு 25.39 வாராக்கடன். அதில் ஒரு பகுதிக்கு வங்கி ஏற்கெனவே நஷ்ட ஒதுக்கீடு செய்துவிட்டது. ஒதுக்கீட்டைக் கழித்த பிறகும் நிகரக் கடன் நூற்றுக்கு 10.04 வாராமல் நின்றது. இடர் எடையிட்ட சொத்து நூற்றுக்கு வங்கியிடமிருந்த மொத்த மூலதனமோ 1.12 மாத்திரமே; இருக்கவேண்டிய அளவு 10.875. வகுக்கும் எண்கள் வெவ்வேறாயினும் அளவின் ஏற்றத்தாழ்வு மயக்கத்துக்கு இடமளிப்பதன்று. நின்றுபோன கடனில் ஒரு சிறு பகுதி திரும்பாமற்போனாலும் மூலதனம் முழுவதும் கரைந்துவிடும் என்பது இவ்விரு எண்களையும் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

மேலும், அந்த 1.12லும் பங்குதாரர்களுக்கு உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வங்கியின் மூலதனம் இருவகைப்பட்டது. பங்குதாரர் இட்ட முதலும் சேர்ந்த லாபமும் முதல்தரம். நீண்டகாலக் கடன்பத்திரங்கள் முதலியவை இரண்டாந்தரம். அத்தேதியில் முதல்தர மூலதன விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் 0.88இல் இருந்தது. ஆகவே மொத்தம் 1.12 என்று தோற்றமளித்தது கடன்பத்திரக்காரர்களின் பணத்தால்தான். ரிசர்வ் வங்கியின் கணக்கு முறையில் சில சொத்துகள் கழிக்கப்படுவதால், இந்த எண்ணை ஐந்தொகையில் காணும் நிகர மதிப்போடு ஒன்றாகக் கொள்ளலாகாது என்பது உண்மை. ஆயினும் வங்கி பிழைக்க வேண்டுமானால் வெளியிலிருந்து பெரும் மூலதனம் வந்தே தீரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

அடுத்து 2020 செப்டம்பர் காலாண்டு. அந்த மூன்று மாதங்களின் நஷ்டம் 397 கோடி ரூபாய். வங்கியின் செலுத்தப்பட்ட பங்கு மூலதனமோ ஏறத்தாழ 337 கோடி. அதாவது, தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் சேர்ந்த பங்குகள் அனைத்தின் முகமதிப்பையும் விட, ஒரு காலாண்டின் நஷ்டம் மிகுந்துவிட்டது. மொத்த மூலதன விகிதம் கழித்தல் 2.85 ஆயிற்று. இவ்வெண்கள் தடையாணைக்கு முன்பே வெளிவந்தவை. ஆயினும் நவம்பர் 17ஆம் தேதி பங்கின் விலை 15 ரூபாய் 60 காசு. அவ்விலையில் சந்தை முழு வங்கிக்கும் இட்ட மதிப்பு சுமார் 525 கோடி. டி.பி.எஸ். இட்ட 2,500 கோடியை யாரேனும் அதே விலைக்குப் பங்குகளாகவே பெற்று முதலிட்டிருந்தாலும், பழைய பங்குதாரர்களிடம் வங்கியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் எஞ்சியிருக்கும். ஆகவே, மிகவும் அனுகூலமான மீட்பையே கற்பனை செய்துகொண்டாலும் பழைய பங்குக்கு எஞ்சுவது சொற்பம் என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்து அறிந்திருக்கலாம்.

5. மயக்கிய அடையாளங்கள்

இவ்வளவு வெளிப்படையான எண்கள் இருக்கையில் மக்கள் எவற்றை நம்பினர் என்று ஆராய்ந்தால் மூன்று அடையாளங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, விலை. முன்பு 122 கொடுத்து வாங்கியது இப்போது 15க்குக் கிடைக்கிறதே என்ற ஒப்பீடு, நிறுவனத்தைப் பற்றி எதையும் கூறுவதில்லை. வாங்குவோரின் நினைவைப் பற்றி மட்டுமே கூறுகிறது. காஞ்சிபுரத்தில் சரிகையின் தரத்தை அறிய விரும்புபவர் அதன் பளபளப்பைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. நுனியைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். பங்கின் விலையும் மேற்பூச்சுப் போன்றதே; உள்ளே இருக்கும் நூல் மூலதனம். பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடியாகும் என்று கூறிய இணைப்பு வரைவுத் திட்டம் வெளியான பிறகுங்கூட, வணிகம் நிறுத்தப்படும் வரை ஏழு, எட்டு ரூபாய்க்கு அப்பங்கை வாங்க ஆட்கள் இருந்தனர் என்பது, விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள தூரத்துக்குப் பிரத்தியட்சச் சான்று.

இரண்டாவது, கையிருப்பின் தாராளம். 2020 செப்டம்பரில் பொதுக்கூட்டக் குழப்பத்துக்குப் பின், வைப்பாளர்களைத் தேற்றும்பொருட்டு, தன் பணப்புழக்க விகிதம் ரிசர்வ் வங்கி கோரும் 100 சதவீதத்துக்கு எதிராக ஏறத்தாழ 262 சதவீதம் இருப்பதாக வங்கி அறிவித்தது. அது பொய்யன்று. உடனடியாகக் கேட்கும் வைப்பாளருக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்பதையே அந்த எண் அளக்கிறது. எல்லாக் கடன்களையும் தீர்த்த பின் பங்குதாரருக்கு மிஞ்சுவது உண்டா என்பது முற்றிலும் வேறு கேள்வி. வைப்பாளருக்குக் கூறப்பட்ட உறுதிமொழியைப் பங்குதாரர் தமக்குரியதாக எடுத்துக்கொண்டது பெரும் விபரீதமாயிற்று.

மூன்றாவது, மீட்பவர் வருகிறார் என்ற செய்தி. இணைப்புப் பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் பங்கின் விலை துள்ளியது. வங்கியை மீட்க ஒருவர் வருவது வேறு, பங்குதாரரை மீட்க வருவது வேறு. முதல் கொண்டுவருபவர் தம் முதலுக்குரிய உரிமையைப் பெறாமல் வரமாட்டார். அவர் பெறும் உரிமை, இருப்பவர்களின் உரிமையிலிருந்தே கழியும்.

6. எழக்கூடிய ஆட்சேபங்கள்

நடந்து முடிந்தபின் ஞானம் பேசுவது எளிது என்பது முதல் ஆட்சேபம். மேலே கூறிய எண்களின் தேதிகளே இதற்கு விடை: திருத்த நடவடிக்கைக்கும் தடையாணைக்கும் இடையே பதின்மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. நலிந்த வங்கிகளின் பங்குதாரர்கள் எல்லாருமே அனைத்தையும் இழந்தாரில்லை. 2004இல் ஓரியண்டல் பாங்க் ஆப் காமர்ஸுடன் இணைக்கப்பட்ட குளோபல் டிரஸ்ட் வங்கியின் பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, 2006இல் ஐ.டி.பி.ஐ. ஏற்ற யுனைடெட் வெஸ்டர்ன் வங்கியின் பங்குதாரர்களுக்கோ பங்குக்கு 28 ரூபாய் கிடைத்தது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைப் புனரமைத்தபோது, பழைய பங்குகள் உயிர்பிழைத்தன. முக்கால்பங்கு மூன்றாண்டு விற்கமுடியாதபடி பூட்டப்பட்டது. ஆனால் 8,415 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்கள் தள்ளுபடியாயின. வரிசைப்படி பங்குதாரருக்கு முன்னே நிற்கவேண்டிய பத்திரக்காரர் முதலில் இழந்த விசித்திரம் அங்கே நிகழ்ந்தது. ஆகவே முடிவு எண்களை மட்டும் பொறுத்ததன்று. ஆட்சியாளரின் விருப்புரிமையையும் பொறுத்தது. இவ்வாட்சேபத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் இதிலிருந்து பெறப்படுவது வாங்கலாம் என்ற முடிவன்று. முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒருவரின் தீர்மானத்தைச் சார்ந்த லாபத்தை முதலீடு என்று அழைப்பது பொருந்தாது.

மூன்றாவது, நியாயம் பற்றியது. 563 கிளைகளும் இருபதாயிரம் கோடியை ஒட்டிய வைப்பும் உடைய வங்கிக்கு மதிப்பே இல்லை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும் என்றும், பங்குதாரரைக் கேளாமல் அவர்களின் உடைமையைப் பூஜ்யமாக்கலாமா என்றும் எழுந்த குறையில் நியாயம் உண்டு. 1943இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் நிறுவிய மதுரா வங்கி, 2001இல் தன் விருப்பத்தின்பேரில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தபோது, ஒரு பங்குக்கு இரண்டு பங்குகள் கிடைத்தன. கிளைகளுக்கும் வாடிக்கையாளர் நம்பிக்கைக்கும் விலை உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் மூலதனம் இருக்கும்போது பேரம்பேசுபவருக்கே அவ்விலை கிடைக்கும் என்பதற்கும் அதுவே சான்று. வங்கிகளை ஒழுங்குபடுத்தும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தடையாணைக்குப் பின் இணைப்புத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கிறது. சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று வாதிடுவது குடிமகனின் கடமை. சட்டம் உள்ளபடி உள்ளவரை அதனைக் கணக்கில் சேர்ப்பது வாங்குபவரின் கடமை.

7. வாங்குமுன் செய்யத்தக்க விசாரணை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு முறை பெறப்படுகிறது. முதலில் தணிக்கையாளர் அறிக்கையை வாசிக்கவேண்டும். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் முக்கியமான நிச்சயமின்மை உண்டு என்ற வாசகமோ, கணக்கின் ஏதேனும் ஓர் அம்சத்தை ஒப்பமுடியவில்லை என்ற குறிப்போ இருந்தால், லாப நஷ்டக் கணக்கைத் திறக்குமுன்பே எச்சரிக்கை பெறலாம். எனினும் தணிக்கையாளரின் மௌனம் பூரண உத்தரவாதம் ஆகாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் தம் கடிதத்தில், கணக்கில் காட்டிய வங்கியிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என்று ஒப்புக்கொள்ளும் வரை, தணிக்கையாளர் அக்கணக்கில் கையொப்பமிட்டே வந்தனர்.

அடுத்து, வரிசையில் தமக்கு முன்னே நிற்பவர் யார் யார் என்று எழுதவேண்டும். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, பிணையுள்ள கடன், ஏனைய ஊழியர் பாக்கி, பிணையற்ற கடன், அரசின் வரிப்பாக்கி எல்லாம் தீர்ந்த பின்னரே, கடைசியாகச் சாதாரணப் பங்குதாரருக்கு இடம். ஒரு மில்லோ தொழிற்சாலையோ ஆனால், அறிவித்த லாபம் ரொக்கமாக வந்ததா என்பதையும், விற்காத சரக்கும் வசூலாகாத பாக்கியும் விற்பனையை மிஞ்சி வளர்கின்றனவா என்பதையும், உரிமையாளர் தம் பங்குகளை அடகுவைத்திருக்கிறாரா என்பதையும் பார்க்கவேண்டும். வங்கியானால், நிகர வாராக்கடனையும் முதல்தர மூலதனத்தையும் அருகருகே வைப்பதே தலையாய பரீட்சை.

இறுதியாக, நிறுவனம் பிழைத்தெழ எவ்வளவு புதுமுதல் வேண்டும், அது வந்தபின் பழைய பங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடவேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆர்கிட் பார்மா திவால் நடைமுறையில் மீட்கப்பட்டு, லட்சுமி விலாஸ் வங்கி மறைந்த அதே 2020 நவம்பரில் மீண்டும் சந்தைக்கு வந்தது. 18 ரூபாயில் தொடங்கிய விலை சில மாதங்களில் 2,000ஐத் தாண்டியது. இதனைக் கேட்டவர், நலிந்த நிறுவனத்தில் இட்ட பணம் நூறுமடங்கானது என்று எண்ணக்கூடும். உண்மையில் மூலதனக் குறைப்புக்குப் பின் ஏறத்தாழ 98 சதவீதப் பங்குகள் புதிய உரிமையாளர் வசம் இருந்தன. பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது துளியளவே. விற்கக் கிடைத்த பங்குகள் மிகச்சிலவாதலின் விலை அவ்வாறு ஏறிற்று.

8. முடிவுரை

நலிந்த நிறுவனத்தின் ஆரோக்கியத்தை அளக்கும் கேள்வி, அது பிழைக்குமா என்பதன்று. அது பிழைத்தால் என் பங்கும் பிழைக்குமா என்பதே. லட்சுமி விலாஸ் வங்கியின் கிளைகள் பிழைத்தன, வைப்புகள் பிழைத்தன, ஊழியர்கள் பணியில் தொடர்ந்தனர். பங்கு மட்டும் பிழைக்கவில்லை. இரு கேள்விகளையும் ஒன்றாகக் கருதியதே பெரும்பாலோரின் நஷ்டத்துக்கு மூலம் என்பது என் துணிபு.

2024 வரை பங்குச்சந்தை விதிகளின்படி நிறுவனங்கள் தம் காலாண்டுக் கணக்கை ஆங்கில நாளிதழில் மட்டுமின்றி வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட்டு வந்தன; ஆகவே நம் வட்டார நிறுவனங்களின் எண்கள் விளம்பரமாகத் தமிழிலேயே வீட்டு வாசலுக்கு வந்தன. அவற்றை வாசிக்கும் பயிற்சி நம்மிடையே இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவைக் கேள்விகேட்டுப் பழகிய நெசவாளருக்கு இப்பயிற்சி எட்டாததன்று. பள்ளிகளும் நூலகங்களும் சங்கங்களும் ஐந்தொகையை வாசிக்கும் வகுப்புகளைத் தமிழில் நடத்துவது, மலிவுப் பங்கைப் பரிந்துரைப்பவர்களைத் தடைசெய்யும் எந்தச் சட்டத்தைக் காட்டிலும் சிறு சேமிப்பாளருக்குப் பயன்படும். வரிசையில் முன்னே நிற்பவர்களின் பட்டியலையும், அவர்கள் போக மிஞ்சுவதையும் தம் கையால் எழுதிக்காட்ட இயலாத வரை, எவ்வளவு மலிவாயினும் அப்பங்கை வாங்காதிருப்பதே தகும்.